தையற்காரர் மகன் ஃபூரியர்



டிப்ளமோ முடித்து பி.இ. போன சீனியர்களிடம் ஃபூரியர் தொடர் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அந்தப் பேருக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

ஜோசப் ஃபூரியர் 1768 மார்ச் 21-ல் பிரான்சில் ஒசேர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா தையற்காரர். பத்து வயது வாக்கில் தாய், தகப்பன் இருவரையும் இழந்துவிட்டார். துறவிகள் நடத்திய ராணுவப் பள்ளியில் இடம் கிடைத்தது. எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கி வைத்து ராத்திரியில் கணக்குப் போடுவாராம். பீரங்கிப் படையில் சேர மனுப் போட்டார். பிரபு குலத்தில் பிறக்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற கட்டம் வந்தால் பேனா எப்படி நிற்கும் என்று நம்மில் பல பேருக்குத் தெரியும்.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி. 1794-ல் சிறைக்குப் போனார், ரோபஸ்பியர் வீழ்ந்ததும் விடுதலை. பாரிசில் எகோல் பாலிடெக்னிக்கில் ஆசிரியரானார். (பேர்தான் நம்ம மாதிரி!) 1798-ல் நெப்போலியனோடு எகிப்து போனார். திரும்பி வந்ததும், 1802-ல், கிரெனோபிள் நகரில் நிர்வாகி வேலை. நம்ம ஊர்க் கலெக்டர் மாதிரி. சதுப்பு நிலத்தை வடிய வைப்பது, ரோடு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு நடுவில்தான் ஒரு உலோகத்தில் சூடு எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார்.

1807-ல் அதை எழுதி பாரிசுக்கு அனுப்பினார். சூடு எப்படி ஏறி இறங்கிக் கிடந்தாலும், பல சைன், கொசைன் அலைகளைக் கூட்டி அதே வடிவத்தைக் கொண்டு வந்துவிடலாம் என்பது அவர் கண்டது. பெரிய கணித மேதை லக்ராஞ்ச் ஒத்துக்கொள்ளவே இல்லை. வழவழப்பான அலைகளைக் கூட்டினால் கூர்மையான மூலை எப்படி வரும்? நியாயமான சந்தேகம்தான். கட்டுரை அச்சாகவில்லை.

இப்போது வீட்டில் கல்யாண டிவிடி இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு படம் 720-க்கு 576 புள்ளி. புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 25 படம். பெருக்கினால் நொடிக்கு 31 மெகாபைட் வரும். 4.7 ஜிபி டிஸ்கில் இரண்டரை நிமிஷம்தான் அடங்கும், தாலி கட்டுவதற்குள் தீர்ந்துவிடும்! ஆனால் இரண்டு மணி நேரம் ஓடுகிறதே, எப்படி?

டிஸ்கில் இருக்கிற விஓபி ஃபைலுக்குள் இருப்பது எம்பெக்-2. அது படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 64 கொசைன் அலை வடிவங்களின் கூட்டலாக மாற்றுகிறது. கண்ணுக்கு எடுபடாத நுண்ணிய அலைகளைத் தோராயமாக்கிவிடும், பலது பூஜ்யமாகிவிடும். முந்தின படத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதுவதும் உண்டு. பழைய விசிடியின் எம்பெக்-1-ம் இதே வழிதான், புள்ளிகள் குறைவு. ஒரே டிஸ்கில் நாலைந்து மணி நேரத்தைத் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அது அந்த 8-க்கு 8 கட்டம்தான். இந்தக் கொசைன் முறையை 1974-ல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ். அடித்தளம் ஃபூரியர் போட்டது.

அவர் விடவில்லை. வெப்பத்தைப் பற்றியே பரிசுப் போட்டி வைத்தார்கள். 1811-ல் திருத்தி அனுப்பினார். பரிசு கிடைத்தது, கூடவே நிரூபணம் போதாது என்ற குறிப்பும்! 1822-ல் தானே புத்தகமாக வெளியிட்டார், அப்போது வயது 54. அதே ஆண்டு, அவர் கட்டுரையைக் கிடப்பில் போட்ட அறிவியல் கழகத்துக்கே நிரந்தரச் செயலாளர் ஆனார்.

எகிப்திலிருந்து வந்த பிறகு குளிரே ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். கோடையிலும் கனத்த கோட்டு, அறையில் நெருப்பு. 1830 மே 16-ல் பாரிசில் இறந்தார்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் பிரிவு