வ. வே. சு. ஐயர்

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியில் 1881-ஆம் ஆண்டு தோன்றியவர் வ. வே. சுப்பிரமணிய ஐயர். பாரிஸ்டர் படிப்பிற்கென 1907-இல் லண்டன் சென்ற அவர், தேசாபிமானம் மேலிட்டுச் சாவர்க்கர் முதலியோருடன் கூடினார். பட்டம் பெறும் பொருட்டு அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய இசைந்திலர். 1910-இல் மாறுவேடத்துடன் புதுச்சேரி சேர்ந்து, அங்கிருந்தே திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

பின்னர்ச் சிறையும் கண்டு மீண்டு, கல்வியால் தமிழ்நாடு தலைநிமிர வேண்டுமெனக் கருதி, நமது திருநெல்வேலிச் சீமையில் சேரமாதேவியிலே குருகுலம் நடத்தலானார். பல வகுப்பாரும் பொருளுதவினர். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் ரூ. 5,000 அளித்தது. ஆயினும் அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவு இடப்பட்டது. பெற்றோர்க்குத் தந்த வாக்கே அதற்குக் காரணமென்றார் ஐயர். பொதுப்பணம் பெற்ற தேசியக் கல்விச்சாலையில் பந்தி வேற்றுமை தகுமோ என்று வரதராஜுலு நாயுடு, ஈ. வெ. ராமசாமி நாயக்கர் முதலியோர் வாதாடினர்.

ஐயர் தாம் எவருடனும் கலந்துண்பவரே. ஆயினும் தலைவரது தனியொழுக்கம் நிலையத்தின் குறையைத் தீர்த்திலது. 1925-இல் அவர் பொறுப்பினின்று விலகினார். அவ்வாண்டு ஜூன் மாதம், பாபநாசத்து அருவியில் வீழ்ந்த மகள் சுபத்திரையை மீட்கப் பாய்ந்து, மகளோடு தாமும் மாண்டார்.

இலஞ்சி அன்பர்காள்! முன்னோர் பெருமையை நமதென்று கொண்டாடும் நாம், அவர் விட்டுச்சென்ற இழுக்கையும் நமதென்று ஏற்றல் முறையாகும். அந்நிய ஆட்சி 1947-இல் ஒழிந்தது. குறைக்கு அயலாரைச் சுட்ட இனி இடமில்லை. நம் இல்லத்துக் கல்யாணப் பந்தியில் யார் எங்கே அமர்த்தப்படுகின்றனர் என்று நோக்குவதே நம் முதற் கடன்.