திண்டிவனத்தில் மூன்று முறை தட்டப்பட்ட கதவு

நம்ம விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனத்தில், ஒரே ராத்திரியில் நடந்த காரியம் இது.

ஐடா ஸ்கடர் அம்மா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் மருத்துவ ஊழியக்காரர்கள். ஐடாவுக்கோ ஊழியமே வேண்டாம். அமெரிக்காவில் சுகமா வாழணும் என்றுதான் ஆசை. சுகவீனமாயிருந்த தாயைக் கவனிக்கத்தான் திண்டிவனம் வந்தார்.

அந்த ராத்திரி ஒரு பிராமணர் கதவைத் தட்டினார். பிரசவ வேதனையில் சாகக் கிடக்கிற மனைவியைக் காப்பாற்றணும் என்று கெஞ்சினார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர் என்றார் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்க்கக் கூடாதென்று அவர் போய்விட்டார். அடுத்து ஒரு இஸ்லாமியர், பிறகு இன்னொரு இந்து. அதே கெஞ்சல், அதே பதில். விடிந்து விசாரித்தால், மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்!

ஐடா தனியே ஜெபித்தார். தேவ அழைப்பு இதுதான் என்று உணர்ந்து, டாக்டருக்குப் படிக்கப் போவதாகப் பெற்றோரிடம் சொன்னார். 1899-ல் கார்னெலில் படிப்பை முடித்து, 1900-ல் வேலூர் வந்தார். 1902-ல் பெண்களுக்கு ஆஸ்பத்திரி, 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. 1960-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

போன இடமெல்லாம் ஐடா அம்மா சொன்ன சாட்சி, தன் கை வெறுமையாயிருந்த அந்த ராத்திரியைப் பற்றியதுதான். அதைக் கேட்டவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். பிரியமானவர்களே, சொல்ல வெட்கப்பட்டு நீங்கள் மறைத்து வைத்திருக்கிற சாட்சி எது? இந்த வாரம் ஒருவரிடமாவது அதைச் சொல்லுங்கள். ஆமென்!