திண்டிவனம் தந்த டாக்டரம்மா

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நம்ம பக்கத்திலிருந்து போய் வராத குடும்பம் குறைவு. அதற்கு வித்து விழுந்தது திண்டிவனத்தில் என்பது இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் பலருக்குத் தெரிந்திருக்காது. மலருக்குக் கட்டுரை கேட்டதும் எனக்கு இதை எழுதணும்னுதான் தோன்றியது.

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்க மிஷனரி குடும்பம். தாத்தா, அப்பா இருவருமே டாக்டர்கள். ஐடாவுக்கோ இந்த வேலையே வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துவிடலாம் என்று எண்ணம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதால் 1890-ல் திண்டிவனம் வந்தார். அப்போது இது தென்னார்க்காடு மாவட்டம்.

ஓர் இரவு மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது, நீங்கதான் வரணும் என்றார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்தக் கணவர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனா, மனைவி மேல் அக்கறை இல்லாதவனா ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவான்? டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது. அது அந்தப் பெண்களிடம் போய்ச் சேர வழி இல்லை. என் தொழில் பாஷையில் சொன்னா, டேங்க் நிறைய தண்ணி இருக்கு, வீட்டுக்குக் குழாய் இல்லை.

ஐடா கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்று 1900-ல் வேலூர் வந்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான ஆஸ்பத்திரி. ஊர் வழக்கம் மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை; டாக்டரை மாற்றினார். தான் ஒருத்தி போதாது என்பதும் சீக்கிரமே புரிந்தது. இந்த ஊர்ப் பெண்களுக்கே 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் மருத்துவப் பள்ளி. நோயாளியின் பேச்சும் கூச்சமும் அவங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே!

ஆஸ்பத்திரிக்கு வராதவர்களைத் தேடி அவரே போனார். குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி, மரத்தடியிலேயே வைத்தியம். எனக்குப் பெரிய கட்டிடங்களைவிட இந்த மரத்தடிதான் பிடிக்கிறது.

ஆண்கள் அங்கே டாக்டருக்குப் படிக்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா 1960 மே 24 அன்று கொடைக்கானலில் காலமானார், வயது 89. இன்று முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு நம்ம மாவட்டத்துப் பெண்கள் பஸ்ஸில் படிக்கப் போகிறார்கள்.