வைசூரியை வென்ற அண்ணல்

தென்பாண்டி நாட்டுக் கடற்கரை முத்தினாற் புகழ் பெற்றது. பழைய கொற்கையும், அதன்பின் வளர்ந்த தூத்துக்குடியும் கடல்படு முத்தைத் தொலைநாடுகளுக்கு அளித்தன. ஆயின், தமிழர் முத்து என்னும் சொல்லை மற்றொரு பொருளிலும் வழங்கினர். அம்மை கண்டவர் உடலில் எழும் கொப்புளங்களையும் அவர்கள் முத்து என்றே கூறினர். கடல் முத்து செல்வம் தந்தது; பெரியம்மை முத்தோ உயிரைக் கவர்ந்தது. உயிர் பிழைத்தவர் பலர்க்கு முகத்தில் வடுவும், சிலர்க்குக் கண்ணிழப்பும் எஞ்சின. வைசூரி எனவும் பெயர் பெற்ற அக்கொடுநோயை வெல்லும் நெறியை உலகிற்குக் காட்டியவர் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் ஆவார்.

ஜென்னர் 1749ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள பெர்க்கிலி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஐந்தாம் வயதில் பெற்றோர் இருவரையும் இழந்து, உடன்பிறந்தாரால் வளர்க்கப்பெற்றார். பெரியம்மைக் கொப்புள நீரைச் சிறிதெடுத்து, நலமுடையார் தோலைக் கீறி உட்செலுத்தும் வழக்கம் அக்காலத்திற் பல நாடுகளில் இருந்தது. நம் நாட்டில் வங்கத்திலும் இருந்தது. அதனாற் பெரும்பாலோர்க்கு நோய் மெல்லிதாய் வந்து நீங்கும். சிலர் மடிவதும், அவர்களிடமிருந்து நோய் பரவுவதும் உண்டு. எட்டாம் வயதில் ஜென்னரும் இம்முறைக்கு உட்பட்டுத் துன்புற்றார்.

பின்னர் அவர் மருத்துவம் பயின்று, இலண்டன் மாநகரில் ஜான் ஹண்டர் என்னும் பேரறிஞர்க்கு மாணவரானார். எதனையும் ஊகத்தால் முடிவு செய்யாது, சோதித்தே துணிதல் வேண்டும் என்பதை அவரிடம் கற்றார். கற்றபின் தலைநகரில் தங்காது தம் ஊருக்கே திரும்பி ஏழை எளியவர்க்கு மருத்துவம் செய்தார். குயிற்குஞ்சின் இயல்பை ஆராய்ந்து எழுதிய அவரை 1789ஆம் ஆண்டு இராயல் கழகம் உறுப்பினராக்கிற்று.

பசுவின் மடியிற் கொப்புளம் தோன்றும் நோய் ஒன்றுண்டு. பால் கறப்போர் கைகளிலும் அது தொற்றும். அப்பசுவம்மை கண்டவர்க்குப் பெரியம்மை வாராது என்று நாட்டுப்புற மக்கள் நம்பினர். 1774ஆம் ஆண்டிலேயே பெஞ்சமின் ஜெஸ்டி என்னும் உழவர் தம் மனைவிக்கும் மக்களுக்கும் பசுவம்மை நீரைச் செலுத்தியிருந்தார். படித்தவர் பலர் எள்ளிய அந்நம்பிக்கையை ஜென்னர் பல்லாண்டு ஆராய்ந்தார். 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கைக்கொப்புளத்திலிருந்து நீரெடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையிற் செலுத்தினார். சூலைத் திங்களில் அவனுக்குப் பெரியம்மை நீரையே செலுத்தினார், நோய் தோன்றவில்லை. சிறுவன் ஒருவனை இவ்வாறு சோதித்தலை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. அச்சிறுவனுக்கு உலகம் பெரிதும் கடன்பட்டுள்ளது.

இராயல் கழகம் அவர் கட்டுரையை ஏற்கவில்லை. ஜென்னர் தளராது மேலும் சோதித்து, 1798இல் தம் பொருளைச் செலவிட்டு நூலாக வெளியிட்டார். முறையை மறைத்துப் பொருளீட்ட அவர் விரும்பவில்லை. தம் தோட்டக் குடிலில் ஏழைகட்கு இலவசமாய் அம்மை குத்தினார். 1823ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் அவர் மறைந்தார்.

தாம் வென்ற பகையை ஜென்னர் கண்ணாற் கண்டதில்லை. அஃது ஒரு வைரசு. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் மூவாயிரம் பெரியம்மை வைரசுகள் வரிசையாய் நிற்கும். மின்னணு நுண்ணோக்கியில் அவை செங்கல் வடிவாய்த் தோன்றும். வைரசின் நடுவே மரபுப்பொருளும், அதனைச் சூழப் புரத உறையும் உண்டு. தானே பெருகும் ஆற்றல் அதற்கில்லை. உயிரணுவினுட் புகுந்தே பெருகும். மரபுப்பொருள் டி.என்.ஏ. ஆயின் ஒரு வகை, ஆர்.என்.ஏ. ஆயின் மற்றொரு வகை எனப் பகுப்பர். பெரியம்மையும் பசுவம்மையும் முதல் வகையின. இளம்பிள்ளைவாதம், தட்டம்மை, வெறிநாய்க்கடி நோய் ஆகியவற்றின் வைரசுகள் இரண்டாம் வகையின. பெரியம்மையும் பசுவம்மையும் ஒரே இனத்தன. ஆதலின், எளிய பசுவம்மையோடு பொருது பழகிய உடல், கொடிய பெரியம்மையையும் அடையாளங்கண்டு அழிக்கும்.

அம்மைப்பால் பாக்தாது, பாசுரா வழியாக 1802ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்தது. அவ்வாண்டிலேயே சென்னையையும் இலங்கையையும் அடைந்தது. கப்பல் வழியே பண்டமேயன்றி நோயும் செல்லும். எனவே பிற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்க்கு மண்டபத்திலும், தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும் முகாம்கள் அமைத்து அம்மை குத்தினர். இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு பெரியம்மை ஒழிந்தது. 1980ஆம் ஆண்டு உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

முத்துக் குளிப்போர் மூச்சடக்கி ஆழத்தில் மூழ்கிச் சிப்பியைத் தேடுவர். ஜென்னரும் எளிய மக்கள் சொல்லுள் மூழ்கி உண்மையாகிய முத்தை எடுத்தார். எடுத்ததை உலகிற்கே ஈந்தார். எளியோர் சொல்லை இகழாமையும், ஆராயாது ஏற்காமையும் அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடங்களாம்.