புதுச் சட்டை சுருங்குவது ஏன்? துணியின் ‘இழுவை’யைக் கண்டுபிடித்த சான்ஃபோர்டு க்ளூயெட்டின் கதை

பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் முன் லைனிங் துணியை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து எடுத்துப்போவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி, மேல் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

ஆனால், கடையில் வாங்கும் ஒரு நல்ல காட்டன் சட்டையை யாரும் நனைத்துப் பார்த்து வாங்குவதில்லை. ‘துவைச்சா சுருங்கிடும், ஒரு சைஸ் பெருசா எடு’ என்ற பேச்சும் குறைந்துவிட்டது. இந்த மாற்றத்துக்குக் காரணமான மனிதர் ஒரு டெய்லரோ நெசவாளரோ அல்ல; அறுவடை இயந்திரம் செய்த ஒரு பொறியாளர். பெயர், சான்ஃபோர்டு லாக்வுட் க்ளூயெட்.

காலர் நகரத்துப் பிள்ளை

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கிறது டிராய் நகரம். 1874 ஜூன் 6 அன்று க்ளூயெட் பிறந்தது இங்கேதான். அந்த ஊருக்கு ‘காலர் நகரம்’ என்றே பட்டப்பெயர். அப்போதெல்லாம் ஆண்கள் சட்டையில் காலர் தனியாகக் கழற்றி மாட்டும்படி இருக்கும். கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைப்பாக்கிய அந்தக் காலர்களைத் தயாரிப்பதுதான் டிராயின் பெரிய தொழில். அதில் முன்னணியில் இருந்தது க்ளூயெட் குடும்பத்தினரின் நிறுவனம். பிற்காலத்தில் க்ளூயெட் பீபாடி என்று பெயர் பெற்றது. இன்றும் நமக்குத் தெரிந்த ‘ஏரோ’ பிராண்ட் அப்போது அவர்களுடையதாக இருந்தது.

ஆனால், சான்ஃபோர்டு நேராகக் குடும்பத் தொழிலுக்குள் போகவில்லை. டிராயிலேயே உள்ள ரென்சலேர் பாலிடெக்னிக்கில் பொறியியல் படித்து 1898-ல் பட்டம் பெற்றார். பிறகு, ஹூசிக் ஃபால்ஸ் என்ற ஊரில் புல் வெட்டும், கதிர் அறுக்கும் இயந்திரங்கள் தயாரித்த கம்பெனியில் பல ஆண்டுகள் வேலை. 1919-ல்தான் க்ளூயெட் பீபாடியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 45.

தொழிலே ஆட்டம் கண்ட நேரம்

அவர் உள்ளே வந்த நேரம் அவ்வளவு நல்ல நேரம் இல்லை. முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. சீருடையின் மென்மையான காலருக்குப் பழகி ஊர் திரும்பிய இளைஞர்களுக்கு, கழுத்தை அறுக்கும் விறைப்பான காலர் பிடிக்கவில்லை. சட்டையோடு சேர்த்துத் தைத்த மென்மையான காலர்தான் வேண்டும் என்றார்கள். கழற்றி மாட்டும் காலரை நம்பியிருந்த கம்பெனிக்கு இது பேரிடி.

‘சரி, காலர் வைத்த சட்டையையே விற்கலாம்’ என்று திரும்பினால், அங்கே காத்திருந்தது அடுத்த சிக்கல். தனிக் காலர் சுருங்கினால் அதை மட்டும் மாற்றிவிடலாம். சட்டையோடு இருக்கும் காலர் சுருங்கினால் முழுச் சட்டையும் வீண். கழுத்து அளவு 15 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 4 சதவீதம் சுருங்கினாலே அரை அங்குலத்துக்கு மேல் போய்விடும்; மேல் பட்டனைப் போட முடியாது. அந்தக் காலப் பருத்தித் துணியோ 10 சதவீதம் வரைகூடச் சுருங்கக்கூடியது.

துணிக்குள் ஒளிந்திருந்த இழுவை

துணி ஏன் சுருங்குகிறது? நூலின் குணமே அதுதான் என்று பலரும் விட்டுவிட்ட கேள்வி இது. க்ளூயெட் அதை ஒரு இயந்திரப் பொறியாளரின் கண்ணால் பார்த்தார்.

நெய்த துணி நேராகக் கடைக்கு வருவதில்லை. வெளுப்பது, சாயம் போடுவது, காயவைப்பது என்று ஒவ்வொரு இயந்திரத்திலும் உருளைகள் அதை நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போகும். அப்படி இழுபட்ட நிலையிலேயே காய்ந்து, மடிந்து, விற்பனைக்கு வருகிறது. வீட்டில் நாம் தண்ணீரில் போட்டதும் நூல்கள் தளர்ந்து தங்கள் இயல்பான நிலைக்குத் திரும்புகின்றன. அதாவது, துணி புதிதாகச் சுருங்குவதில்லை. ஆலை இழுத்த இழுப்பிலிருந்து விடுபடுகிறது.

அப்படியென்றால் தீர்வும் எளிதாகப் புரிகிறது. இழுத்த அளவுக்குத் துணியை ஆலையிலேயே திரும்பத் தள்ளிவிட வேண்டும். ஆனால், துணியை இழுக்கலாம், எப்படித் தள்ளுவது? தள்ளினால் மடிந்துவிடுமே?

ஒரு ரப்பரில் புரியும் விஷயம்

பென்சில் அழிக்கும் ரப்பரை எடுத்து வளையுங்கள். வளைவின் வெளிப்பக்கம் நீளும். அப்படியே நிமிர்த்தினால் அந்தப் பக்கம் மறுபடி குறுகும். க்ளூயெட்டின் இயந்திரம் இதைத்தான் செய்தது.

தடிமனான ஒரு கம்பளிப் பட்டை, சிறிய உருளையைச் சுற்றி வளையும். நீண்டிருக்கும் அதன் வெளிப்பரப்பின் மீது, நீராவியில் லேசாக ஈரமாக்கிய துணி வந்து படியும். அடுத்த நொடி, பட்டை எதிர்ப்பக்கமாக வளைந்து ஒரு பெரிய சூடான உருளையின் மீது ஏறும். இப்போது பட்டையின் பரப்பு குறுகும். அதோடு ஒட்டியிருக்கும் துணியும் சேர்ந்து குறுகும். சூடான உருளைக்கும் பட்டைக்கும் இடையில் சிக்கியிருப்பதால் துணி மடியவும் வழியில்லை. குறுகிய நிலையிலேயே காய்ந்து வெளியே வரும்.

எவ்வளவு குறுக்க வேண்டும் என்பதும் குத்துமதிப்பு அல்ல. முதலில் அந்தத் துணியில் ஒரு மாதிரியைத் துவைத்து, எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்று அளப்பார்கள். இயந்திரத்தை அதே அளவுக்குச் செட் செய்வார்கள். மிச்சமிருக்கும் சுருக்கம் 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும்.

இதில் ஒரு போனஸும் உண்டு. விறைத்து நின்ற நூல்கள் மறுபடி நெளிவு பெறுவதால் துணி கொஞ்சம் புசுபுசுவென்று, தொட மென்மையாக மாறும். எந்த சாஃப்ட்னரும் ரசாயனமும் சேர்க்காமல், வெறும் ஈரம், சூடு, அழுத்தம். ஜவுளித் துறையில் இதைத்தான் ‘மெக்கானிக்கல் ஃபினிஷிங்’ என்கிறார்கள். துணியைத் தேய்த்து பீச் பழத்தோல் மாதிரி ஆக்குவது, பிரஷ் போட்டு உள்பக்கம் பஞ்சு போலாக்குவது எல்லாம் இதே குடும்பம்தான்.

பெயரே முத்திரையான கதை

1920களின் இறுதியில் உருவான இந்த முறைக்கு, கண்டுபிடித்தவரின் முதல் பெயரை வைத்தே ‘சான்ஃபரைஸ்டு’ என்று பெயர் சூட்டினார்கள். க்ளூயெட் பீபாடி இதைத் தன் சட்டைகளுக்கு மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. போட்டி ஆலைகளுக்கும் லைசென்ஸ் கொடுத்தது. நிபந்தனைப்படி சுருக்கம் கட்டுக்குள் இருந்தால்தான் அந்த முத்திரையைப் போட முடியும். காலர் விற்ற கம்பெனி, தொழில்நுட்பம் விற்கும் கம்பெனியாகவும் ஆனது இப்படித்தான். நம்மூர் மில் துணி விளம்பரங்களிலும் அந்த வார்த்தை ஒரு காலத்தில் பிரபலம்.

ஜீன்ஸ் பிரியர்களுக்கு இது இன்னும் பரிச்சயம். சான்ஃபரைஸ் செய்யாத டெனிமை லீவைஸ் நிறுவனம் ‘ஷ்ரிங்க் டு ஃபிட்’ என்ற பெயரில் இன்றும் விற்கிறது. பெரிய சைஸ் வாங்கி, நனைத்து, உடம்புக்கு ஏற்றபடி சுருங்கவிடுவது அதன் ஸ்டைல்.

க்ளூயெட் துணியோடு நிற்கவில்லை. எழுபது வயதைக் கடந்த பிறகு அதே யோசனையைக் காகிதத்தில் முயன்றார். குறுக்கிய காகிதம் இழுத்தால் கிழியாமல் கொஞ்சம் நீண்டுகொடுக்கும். ‘க்ளூபேக்’ என்ற பெயரில் அது மூட்டைக்கான பைகளுக்குப் பயன்பட்டது.

1968 மே 18 அன்று, 93 வயதில் அவர் காலமானார். கம்பளிப் பட்டையின் இடத்துக்குப் பின்னர் ரப்பர் பட்டை வந்தது. திருப்பூரில் டி-ஷர்ட் துணியை ‘காம்பாக்டிங்’ செய்யும் இயந்திரங்களும், தள்ளிக் குறுக்குவது என்ற அதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன.

அடுத்த முறை ஒரு சட்டை துவைத்த பிறகும் கழுத்துக்குச் சரியாக இருந்தால், அது தற்செயல் அல்ல. நீங்கள் வாங்கும் முன்பே ஆலையில் யாரோ அதைச் சுருக்கி அனுப்பியிருக்கிறார்கள்.