ஆனைமலையில் தேக்கு வளர்த்த ஹூகோ வுட்

தியாகி சுப்பிரமணிய சிவா 1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் நம் பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார் என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த செய்தி. அவர் எந்த அரசாங்கத்தை எதிர்த்துச் சிறை சென்றாரோ, அதே அரசாங்கத்தின் சம்பளத்தில் அந்த நாட்களில் ஆனைமலைக் காட்டில் வேலை பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட். ஆங்கிலேயர், 1870இல் பிறந்தவர், வனத்துறை அதிகாரி. வெள்ளைக்கார துரைதானே என்று ஒதுக்கிவிடாமல் அவர் செய்ததைக் கேளுங்கள் தோழியரே.

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலையில் டாப்சிலிப் என்றோர் இடம் இருக்கிறது. வெட்டிய தேக்குத் தடிகளை மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கி விட்டதால் வந்த பெயர் அது. தடிகளை இழுத்து வந்தவை யானைகள். யானைகளை நடத்தியவர்கள் மலசர் முதலான மலைவாழ் மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் கட்ட இந்தத் தேக்கு போயிற்று. பிறகு ரயில் பாதைக்குக் குறுக்குக் கட்டைகளாகவும் போயிற்று. வெட்டியவர்கள் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் வுட் அங்கே பொறுப்பேற்றபோது, பல சரிவுகளில் காடு என்ற பெயர் மட்டுமே மிஞ்சியிருந்தது.

அவர் முன் நின்ற கேள்வி இதுதான்: வெட்டிய காடு மறுபடி முளைக்குமா? இதற்கு விடை காண, காட்டில் வெளிச்சம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் வட்டாரத்துப் புளிய மரத்தின் அடியில் ஏதாவது பயிர் விளைகிறதா? இல்லை. காரணங்களில் முதன்மையானது நிழல். அடர்ந்த காட்டிலும் அப்படியே. மேலே கிளைகள் கூரைபோல் மூடிக்கொண்டால் தரைக்கு வரும் வெயில் மிகக் குறைவு. அந்த நிழலிலும் சில மரங்களின் கன்றுகள் உயிரோடு இருக்கும். ஆனால் வளராமல் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கும். ஒரு கிழ மரம் காற்றில் சாய்ந்தால் கூரையில் ஓட்டை விழுகிறது. வெயில் இறங்குகிறது. காத்திருந்த கன்றுகள் சடசடவென்று மேலே ஏறுகின்றன. வட்டக்கண்ணி போன்ற மரங்களோ வெளிச்சம் கண்ட இடத்திலெல்லாம் புதிதாக முளைத்து முந்திக்கொள்ளும். காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்வது இந்த ஓட்டைகளின் வழியாகத்தான்.

ஆனால் ஓட்டைக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு மரம் விழுந்த இடம் வேறு, ஒரு மலைச்சரிவையே மொட்டையடித்த இடம் வேறு. பெரிய வெட்டவெளியில் மண் காய்கிறது. அடுத்த மழையில் மேல்மண் கரைந்து ஓடுகிறது. விதை தரும் தாய்மரமும் அருகில் இல்லை. உண்ணிச்செடிதான் முதலில் வந்து குடியேறும். அது புதராக மூடிவிட்டால் கன்றுகள் தலைதூக்குவது கடினம். (உண்ணிச்செடி அமெரிக்காவிலிருந்து அழகுக்காகத் தோட்டங்களில் வைக்கக் கொண்டுவந்த செடி. விருந்தாளி வீட்டுக்காரனை விரட்டிய கதைதான்!)

தேக்கு வெயில் விரும்பும் மரம். நிழலில் அதன் கன்று தேறாது. ஆகவே திறப்பு வேண்டும். ஆனால் மண்ணும் வேரும் போய்விடக் கூடாது. வுட் பிடித்துக்கொண்ட வழி, கரும்பு விளைவிக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. கரும்பை வெட்டிய பின் கட்டையைத் தோண்டாமல் விட்டு மறுதாம்பு எடுக்கிறோம் அல்லவா? தேக்கையும் தரையை ஒட்டி வெட்டி, அடிக்கட்டையைத் தளிர்க்க விட்டால், மண்ணுக்குள் உயிரோடிருக்கும் பழைய வேர்கள் புதுத் தளிரைத் தள்ளி வளர்க்கும். விதையிலிருந்து வரும் கன்று தவழும் காலத்தில் கட்டைத் தளிர் ஆளுயரம் தாண்டிவிடும். வெட்டிய இடத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், கட்டையும் இல்லாத இடத்தில் நட வேண்டும் என்பது அவர் திட்டம்.

அவர் நடந்து போகும்போதெல்லாம் சட்டைப்பையில் தேக்கு விதை வைத்திருப்பாராம். கைத்தடியால் மண்ணில் குழி குத்தி, விதை போட்டு மூடிவிட்டுப் போவாராம். இன்றும் அங்கே இதைச் சொல்கிறார்கள். தேக்கு விதையின் ஓடு கெட்டியானது. மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டுத்தான் முளைக்கும், சில வேளை அடுத்த ஆண்டு வரைகூட ஆகும். போட்டது முளைத்ததா என்று மறுநாள் போய்ப் பார்க்க முடியாத வேலை அது.

1933 டிசம்பர் 12ஆம் நாள் வுட் குன்னூரில் இறந்தார். டாப்சிலிப்பை ஒட்டிய மவுண்ட் ஸ்டூவர்ட்டில், தாம் வளர்த்த தேக்குகளின் நடுவே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே செய்தார்கள். கல்லறையில் லத்தீன் மொழியில் ஒரு வரி இருக்கிறது. நினைவுச்சின்னத்தைத் தேடி வந்தவர் சுற்றிலும் பார்க்கட்டும் என்பது அதன் கருத்து. லண்டன் மாநகரில் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் இதே வரிதான். ரென்னுக்குச் சுற்றிலும் கல், வுட்டுக்கு மரம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வுட் மீட்டுத் தந்தது பெரும்பாலும் தேக்குதான். அரசாங்கத்துக்கு வேண்டியிருந்ததும் அதுவே. பலவகை மரங்கள் கலந்து நின்ற பழைய காடு முழுவதும் அப்படியே திரும்பவில்லை. தேக்கின் அகன்ற இலையில் திரண்டு சொட்டும் பெரிய துளிகள், அடியில் புல்பூண்டு இல்லாத இடத்தில் மண்ணைப் பறிப்பதும் உண்டு. காட்டில் உழைத்த காடர், மலசர் மக்களின் பெயர்களை எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. இத்தனையும் இருந்தும், மொட்டையாகி மண்ணையும் இழந்திருக்கக் கூடிய சரிவுகள் மரம் நிற்கும் சரிவுகளாகவே நம் கைக்கு வந்து சேர்ந்தன. அதற்கு இவர் ஒரு பெரிய காரணம்.

ஆனைமலை 1976இல் வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. 2007இல் புலிகள் காப்பகம் என அறிவித்தார்கள். அந்நாளில் தடி இழுத்த யானைகளின் வழியில், டாப்சிலிப்பை அடுத்த கோழிகமுத்தியில் இன்றும் யானை முகாம் நடக்கிறது. கோடைக்கு முன் தேக்கு இலையுதிர்க்கும் மாதங்களில் அங்கே கூரை தானாகவே திறந்து, தரை முழுவதும் வெயில் விழும். காற்றில் ஒரு தேக்கு சாய்ந்தால் அந்த இடத்தில் முந்துவது கன்றா, உண்ணிச்செடியா என்பது ஒவ்வொரு மழைக்காலத்திலும் புதிதாக முடிவாகிறது.