சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தி பிடித்த டாக்டர் மேரி வர்கீஸ்

கமுந்திங் – நம் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய தமிழ்த் தேவாலயத்தின் வாசலில் மூன்று படிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு இளைஞர்கள் அங்கே தயாராக நிற்பார்கள். தோட்டத்தில் மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், இனிப்புநீரால் ஒரு காலை இழந்தவர், சக்கர நாற்காலியில் வருவார். நாற்காலியோடு அவரைத் தூக்கிக் கொண்டுபோய்க் கடைசி வரிசை ஓரமாக, மின்விசிறிக்குக் கீழே விடுவார்கள். ஆராதனை முடிவில் அவருக்காக ஜெபம் நடக்கும். பிறகு மறுபடியும் தூக்கி வெளியே கொண்டு வருவார்கள். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கால் இருந்த நாளில் அவர்தான் சபையில் வேதபாடம் வாசித்தவராம். இப்போது வேறொருவர் வாசிக்கிறார். ஏன் என்று கேட்டேன். மேடைக்கு இரண்டு படி ஏற வேண்டுமே என்றார்கள்.

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு வேலூர் டாக்டர் மேரி வர்கீஸின் நினைவுதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம். இளையவர்களுக்குத் தெரியாது.

மேரி 1925-இல் கொச்சியில் வசதியான ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தாய்மொழி மலையாளம். மருத்துவம் படிக்க வந்தது தமிழ் மண்ணுக்கு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரு சிறிய மருந்தகமாகத் தொடங்கிய சேவை, அப்போது பெரிய மருத்துவமனையாகவும் கல்லூரியாகவும் வளர்ந்திருந்தது. அங்கே படித்துத் தேறி, மகப்பேறு மருத்துவத் துறையில் கால் வைத்த வேளையில்தான் அந்த விபத்து நேர்ந்தது.

1954 ஜனவரி மாதக் கடைசி. இளம் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகம் கிழிந்தது, முதுகுத்தண்டும் பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. வயது 28. முகத்தில் இருந்த வடு கடைசி வரை மறையவில்லை, கால்களும் திரும்பவில்லை.

நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய கதை சுவிசேஷத்தில் உண்டு. அந்த மனிதன் எழுந்து, படுக்கையைச் சுருட்டிக்கொண்டு நடந்து போனான். சபைகளில் அதிகம் சொல்லப்படுவது அந்த முடிவுதான். எழுந்து நடக்காதவரை என்ன செய்வது என்ற கேள்வி வரும்போதுதான் எல்லாரும் விழிக்கிறோம். மேரி எழுந்து நடக்கவில்லை. மாதக்கணக்கில் படுக்கை, அறுவை மேல் அறுவை, வலி. மருத்துவம் படித்தவர் என்பதால் தம் நிலைமை அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் டாக்டர் பால் பிராண்ட் வருகிறார். மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் இவர். 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை மூலம் சரிசெய்யும் வழியைக் கண்டவர். தொழுநோய் கையின் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு போனால் அது இயக்கும் தசை செயலிழந்து, விரல்கள் நகம்போல் வளைந்துவிடும். ஆனால் எல்லாத் தசையும் போய்விடுவதில்லை. நல்ல நிலையில் உள்ள தசை ஒன்றின் நாணை எடுத்து, வேறு வழியாகக் கொண்டுபோய் விரலோடு இணைத்தால் விரல் மீண்டும் நிமிரும், பிடிக்கும். பிறகு பல வாரம் பயிற்சி தர வேண்டும்.

இந்த அறுவைக்கு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை. நோயாளியின் கையை மேசைமேல் நீட்டி வைத்து, உட்கார்ந்தே செய்யலாம். மேரியிடம் பிராண்ட் கவனித்தது அதைத்தான். கால் போயிற்று, இரண்டு கையும் படித்த அறிவும் அப்படியே இருக்கின்றன. அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். மேரிக்கு முதலில் தயக்கம் இருந்தது, இருக்கத்தானே செய்யும்? மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று இருந்தவர் அவர். ஆனாலும் சக்கர நாற்காலியில் அறுவைக்கூடத்துக்குள் போனார். உதவியாளராகத் தொடங்கி, பிறகு தாமே கத்தி பிடித்தார்.

தொழுநோயாளி என்றால் அந்தக் காலத்தில் ஊரும் வேண்டாம், உறவும் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர். நமக்கும் தெரியாததா? சுங்கை பூலோ, ஜெரெஜாக் தீவு என்றால் நம் பாட்டிமார் குரலைத் தாழ்த்துவார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட ஒருவர் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்க, எதிரே சக்கர நாற்காலியில் ஒரு பெண் மருத்துவர் வந்து உட்கார்கிறார். முகத்தில் தழும்பு. அதைப் பார்த்த நோயாளிகளுக்கு ஏற்பட்ட தெம்பு தம் அறுவையால் மட்டும் வந்திருக்காது என்பதுதான் பிராண்டின் கணிப்பு. மேரி அந்த வார்டில் ஆறுதலாக அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பின்னர் சிகிச்சைக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போனார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் அங்கே தாமே உடுத்தி, தாமே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறி, வேலைக்கும் போவதைக் கண்டார். நம் நாட்டில் இது ஏன் இல்லை என்ற கேள்வி அங்கேதான் எழுந்தது. அங்கிருந்து நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்துக்குப் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூருக்குத் திரும்பி அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்ளேயே தங்கிப் பயிற்சி பெறும் நிலையங்களில் இந்தியாவின் முதலாவதாக அது சொல்லப்படுகிறது.

மறுவாழ்வு என்பதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர், முறையான கவனிப்பு இல்லாவிட்டால் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் பெரும்பாலும் இறப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீரை வெளியேற்றும் முறையை நோயாளியும் வீட்டாரும் கற்க வேண்டும். கைகளுக்கு வலு ஏற்ற வேண்டும். கடைசியாக ஒரு தொழில் வேண்டும். சோறு போடும் வீட்டில் தானும் நாலு காசு கொடுக்கும்போது மனிதன் நிமிர்கிறான். மேரி இதைத் தம் உடம்பிலேயே கற்றவர்.

1972-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1986 டிசம்பரில் காலமானார். நாற்காலியில் அவர் கழித்தது 32 ஆண்டுகள். அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளை மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி தருகிறது.

கிறிஸ்தவச் சபைகள் இந்தத் துறையில் செய்தது கொஞ்சமல்ல. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி, செவித்திறன் அற்றோர் பள்ளி, நமக்குப் பக்கத்தில் 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு மாறிய செயிண்ட் நிக்கலஸ் இல்லம் எல்லாம் அவர்கள் முயற்சியே. ஆனால் இல்லம் தனியாக ஓரிடத்தில், ஆலயம் ஓரிடத்தில் என்று பிரிந்துவிட்டால் ஆலயத்துக்குப் பழைய படியே போதும் என்று தோன்றிவிடுகிறது. பிராண்ட் மேரிக்காக ஜெபித்திருப்பார். அதோடு, மறுநாள் காலையில் எத்தனை மணிக்கு அறுவைக்கூடத்துக்கு வர வேண்டும் என்றும் சொன்னவர் அவர். இந்த இரண்டாவது விஷயம்தான் நம் சபைகளில் அரிதாக இருக்கிறது. கோயில்களிலும் சங்கங்களிலும் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்டால், பதில் இல்லை.

கமுந்திங் பெரியவரிடம் ஆராதனைக்குப் பிறகு பேசினேன். கண்ணாடி போட்டால் வேதாகமத்தின் சிறிய எழுத்தையும் இன்னும் படிப்பாராம். குரலும் கணீரென்று இருக்கிறது. படிக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சரிவு கட்டும் பேச்சு சபையில் உண்டாம், பணம் சேர வேண்டுமாம். மேடை ஒலிவாங்கியின் கம்பி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அன்று ஒரு பையன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசி வரிசை வரை நடந்து வந்து, மதிய உணவு அறிவிப்பைச் செய்தான். பெரியவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுதான் செய்தான்.